கல்லைப் புரட்டும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் மலையோடைகளில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த மாதம் பதில். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் நீரியல் ஆய்வகத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். வாசலில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். மாணவர்களோடு அந்த மலையின் ஓடைகளில் இறங்கி அளந்த வருடங்கள்தான் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியைக் கற்றுக்கொடுத்தன.

கேள்வி (ஒரு விவசாயி, ஏற்காடு அடிவாரம்): எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஓடையில் சாதாரணமாக ஓர் அடி தண்ணீர்தான் போகும். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் உரித்த தேங்காய் அளவு கற்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியதாகத் தெரியவில்லை. இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது அம்மா?

பதில்: ஐயா, நாம் கரையில் நின்று மேல்தண்ணீரின் ஓட்டத்தைப் பார்க்கிறோம். கல்லுக்கு அது பொருட்டே இல்லை. தன்னை உரசிக்கொண்டு போகும் அடித்தண்ணீர் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் இதைச் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்று படித்திருப்பார்கள். பொறியாளர்கள் ஷியர் ஸ்ட்ரெஸ் என்பார்கள். நான் வகுப்பில் படுகை இழுப்பு என்று சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அதற்கு மிக எளிய கணக்கு ஒன்று உண்டு. பிரான்சில் ரோன் ஆற்றை வைத்து தூ புவா என்ற பொறியாளர் 1879-ல் எழுதியது. தண்ணீரின் ஆழத்தை ஓடையின் சரிவால் பெருக்குங்கள், அதை ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடையால் பெருக்குங்கள். அவ்வளவுதான். உங்கள் ஓடை நூறு அடிக்கு இரண்டடி இறங்குகிறது, ஆழம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படுகை இழுப்பு சுமார் 59 பாஸ்கல் வரும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தை ஆறு கிலோ எடைக்குச் சமமான விசை ஓட்டத்தின் திசையில் இழுப்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தண்ணீர் 45 செ.மீ. ஆகியிருந்தால் அது 88 பாஸ்கல்.

இந்த இழுப்புக்கு எந்த அளவு கல் அசையும் என்பதை 1936-ல் பெர்லினில் தன் முனைவர் பட்ட ஆய்வில் கண்டுபிடித்தவர் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர். நம் மலைப் பாறை சார்னோக்கைட். தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு கனம். அதை ஷீல்ட்ஸ் கணக்கில் போட்டால் 59 பாஸ்கலுக்கு 8 செ.மீ. கல் அசையத் தொடங்கும், 88 பாஸ்கலுக்கு 12 செ.மீ. கல். உரித்த தேங்காய் ஏறக்குறைய அந்த அளவுதான். அரையடி தண்ணீர் கூடினதுதான் ராத்திரி நடந்தது.

ஆனால் கணக்கு சொல்வது சராசரியை. கல் சராசரியில் புரளுவதில்லை. ஓடையில் இறங்கி நின்றவர்களுக்கு இது காலில் தெரியும்: சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும் தண்ணீர் திடீரென்று ஒரு தள்ளு தள்ளும், அப்புறம் விட்டுவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1967-ல் தண்ணீருக்குள் மிக நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகளை விட்டுப் பார்த்தார்கள். அடியில் மந்தமாக நகரும் தண்ணீர் கட்டி கட்டியாக மேலே எழும்பி வெடிப்பது தெரிந்தது. மேலிருந்து வேகமான தண்ணீர் கீழே பாய்ந்து படுகையைத் துடைத்துவிட்டுப் போவதும் அதோடு மாறி மாறி நடக்கிறது. அந்தப் பாய்ச்சல் வரும் நேரத்தில்தான் கல் கிளம்பும். உங்கள் தேங்காய்க் கற்கள் ராத்திரி முழுவதும் உருண்டிருக்காது. பெரும்பாலான நேரம் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கும், பாய்ச்சல் வந்தபோது ஒரு முழம், இரண்டு முழம் என்று தாவியிருக்கும்.

கேள்வி (இறுதியாண்டு சிவில் மாணவர், ஓமலூர்): மேடம், எங்கள் புராஜெக்டுக்காக மலையடி ஓடை ஒன்றில் ஏடிவி கருவியை (தண்ணீரின் வேகத்தை ஒலியால் அளப்பது) வைத்து அளந்தோம். ஒரே இடத்தில் ஷியர் ஸ்ட்ரெஸ், ஆழம்-சரிவு முறையில் 59 பாஸ்கல், வேக வரைபடத்திலிருந்து 21, ஏடிவியில் 9 என்று வருகிறது. கைடு ஏதாவது ஒன்றை எடுத்து எழுதச் சொல்கிறார். எது சரி?

பதில்: தம்பி, ஒன்றை எடுத்து மற்ற இரண்டையும் மறைக்காதீர்கள். மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். அவை ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை எழுதினால் அதுவே நல்ல புராஜெக்ட்.

படுகை இழுப்பை ஓடையில் நேரடியாக அளக்க முடியாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஆய்வகத் தொட்டியில் ஒரு தகட்டை மிதக்கவிட்டு அது எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்கலாம். கல்லும் முள்ளுமான ஓடையில் அதற்கு வழியில்லை. வேறு எதையாவது அளந்து அதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும்.

உங்கள் 59 ஓடையின் மொத்தக் கணக்கு. அந்த நீளத்தில் தண்ணீர் இழக்கும் அத்தனை பலமும் அதில் அடக்கம். பெரிய பாறை குறுக்கே நிற்கிறது, அதில் மோதித் தண்ணீர் பின்னால் சுழல்கிறது, வளைவில் கரையை இடிக்கிறது, வேரில் சிக்குகிறது. இவையெல்லாம் தின்றது போக மீதிதான் சின்னக் கல்லுக்குக் கிடைக்கும். மலையோடையில் அந்த மீதி பாதிக்கும் கீழே இருப்பது சாதாரணம். (அடிவாரத்து விவசாயி ஐயாவுக்கும் இது பொருந்தும்: அவர் ஓடையில் ஆள் உயரப் பாறைகள் நிறைய இருந்தால் நான் மேலே போட்ட கணக்கு குறைந்துவிடும், அவ்வளவு கல் புரள இன்னும் ஆழம் வந்திருக்க வேண்டும்.)

21-க்கு வாருங்கள். படுகையிலிருந்து மேலே போகப் போக வேகம் மடக்கை விதிப்படி கூடும் என்பது பிராண்டலும் ஃபான் கார்மனும் கொடுத்த விதி. வேகத்தை உயரத்தின் மடக்கையோடு வரைந்தால் வரும் கோட்டின் சாய்வை 0.4-ஆல் பெருக்கினால் உரசல் வேகம். அதன் வர்க்கத்தைத் தண்ணீரின் அடர்த்தியால் பெருக்கினால் இழுப்பு. மணல் படுகையில் இது அழகாக வரும். உங்கள் படுகையில் 15 செ.மீ. கற்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உயரத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? கல்லின் உச்சியிலிருந்தா, இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்திலிருந்தா? அந்தச் சுழியத்தை மூன்று செ.மீ. மேலே கீழே நகர்த்தி மறுபடி வரைந்து பாருங்கள். உங்கள் 21 எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். இந்த விதி ஆழத்தின் கீழ் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் சரியாகப் பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம். 30 செ.மீ. ஆழத்தில் அது வெறும் 6 செ.மீ. அதற்குள் எத்தனை புள்ளி எடுத்தீர்கள்?

இனி ஏடிவி. மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சேலம் ஜங்ஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன் நம்மை நெருங்கும்போது கீச்சென்றும் தாண்டியதும் தடித்தும் கேட்கும் அல்லவா, அதே டாப்ளர் விளைவில்தான் இந்தக் கருவி வேலை செய்கிறது. வினாடிக்கு ஒரு கோடி அதிர்வு என்ற அளவில் ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பும். முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, பட்டாணி அளவுள்ள ஓர் இடத்தில் மிதக்கும் தூசியில் பட்டு அது திரும்பி வரும். அதை மூன்று அல்லது நான்கு சின்னக் கைகள் வாங்கிக்கொள்ளும். அந்தப் பட்டாணி இடத்தில் தண்ணீர் முன்னே, பக்கவாட்டில், மேலே கீழே எந்த வேகத்தில் போகிறது என்பதை வினாடிக்கு 25 தடவை, 100 தடவை என்று எழுதித் தள்ளும். ஓடையின் நாடித்துடிப்பையே பார்ப்பது போல இருக்கும். முதல் தடவை மடிக்கணினித் திரையில் அந்தக் கோடு துள்ளியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதுவரை கரும்பலகையில் வரைந்து காட்டியதுதான் அது.

ஓட்டத்தைச் சராசரி என்றும் துள்ளல் என்றும் பிரித்துப் பார்க்கும் வழியை 1895-ல் கொடுத்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். வேகமான தண்ணீர் மேலிருந்து இறங்கினாலும் சரி, மந்தமான தண்ணீர் கீழிருந்து ஏறினாலும் சரி, இரண்டிலும் மேலே இருக்கிற வேகம்தான் படுகைக்குக் கைமாறுகிறது. முன்பின் துள்ளலையும் மேல்கீழ் துள்ளலையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் அந்தக் கைமாற்றம் கணக்கில் வந்துவிடும். ரெனால்ட்ஸ் ஸ்ட்ரெஸ் என்பது இதுதான்.

இந்தப் பெருக்கல் ரொம்ப நாசூக்கானது. முன்பின் துள்ளல் எப்போதும் மேல்கீழ் துள்ளலைவிடப் பெரியது. கருவி ஓரிரு டிகிரி சாய்ந்தால் போதும், பெரிய துள்ளலின் ஒரு பங்கு சின்னதற்குள் கசிந்து விடை கெட்டுவிடும். ஒரு வருடம் வாழவந்திக்குக் கீழே ஓர் ஓடையில் மூன்று நாள் நின்று அளந்தோம். இரும்பு ஆங்கிளில் முடுக்கிய ஒரு போல்ட் முதல் நாள் மதியமே தளர்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரெனால்ட்ஸ் ஸ்ட்ரெஸ் பாதி இடங்களில் தலைகீழ்க் குறியோடு நிற்கிறது. மூன்று நாளும் வீண். குளிரில் நடுங்கி நின்ற பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று என் பையில் நிரந்தரமாக இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

சரி, உங்கள் 9-ஐச் சோதிக்க ஒரு குறுக்கு வழி. நீங்கள் அனுப்பிய துள்ளல் அளவுகள் முன்பின் 24, பக்கவாட்டு 15, மேல்கீழ் 12, எல்லாம் வினாடிக்கு சென்டிமீட்டரில். மீட்டராக்கி வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 0.0945. அதில் பாதி 0.047. அதுதான் ஒரு கிலோ தண்ணீரிலுள்ள கொந்தளிப்பு ஆற்றல். அதை அடர்த்தி 1000-ஆலும் 0.19 என்ற மாறிலியாலும் பெருக்கினால் 8.98 பாஸ்கல். உங்கள் 9-க்கு அச்சாகப் பொருந்துகிறது. இந்த வழியில் சாய்வுப் பிழை அவ்வளவாகத் தலைகாட்டாது என்பதால் உங்கள் கருவி நேராகத்தான் நின்றிருக்கிறது என்று நம்புகிறேன். மெச்சத்தக்க வேலை.

ஆனாலும் அந்த 9 ஒரே பட்டாணி இடத்தின் 9. இரண்டு பாறைக்கு நடுவில் வைத்திருந்தால் வேறு, பாறையின் பின்னால் வைத்திருந்தால் வேறு. படுகையிலிருந்து மேலே ஐந்தாறு உயரங்களில் அளந்து, அந்தக் கோட்டைப் படுகை வரை நீட்டிப் பாருங்கள். ஓடையின் குறுக்கே குறைந்தது மூன்று இடங்களில் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிடுங்கள், நான் மூன்று நிமிடம் விடுவேன். படுகைக்கு வெகு அருகே வந்துவிட்டால் கல்லில் பட்டுத் திரும்பும் ஒலியும் கலந்துவிடும், அந்த எண்களை நம்பாதீர்கள். நுரைக்கும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள், காற்றுக் குமிழி பதிவாகும் கோட்டில் தாறுமாறான கூர்முனைகளைக் கொண்டுவரும். அவற்றைக் களைய கோரிங், நிக்கோரா இருவரும் 2002-ல் கொடுத்த முறை இருக்கிறது, அதைக் கையாளுங்கள். தை மாதத்தில் போனால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஒலி பட்டுத் திரும்பத் தூசியே கிடைக்காது. அப்போது கொஞ்சம் மேலே ஒருவர் நின்று படுகையை லேசாகக் காலால் கலக்கினால் போதும்.

கேள்வி (செவ்வாய்பேட்டை வாசகர்): திருமணிமுத்தாற்றில் இதையெல்லாம் அளக்க முடியுமா?

பதில்: அதுவும் சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறுதான், அதே விதிகள்தான். ஆனால் ஊருக்குள் ஓடுவது சாக்கடை நீர், அதில் யாரும் இறங்கக் கூடாது, மாணவர்களை நான் இறங்கவிடவும் மாட்டேன். பாலத்தின் மேல் கைபேசியை அசையாமல் பொருத்திப் படம் எடுங்கள். மிதந்து வரும் நுரைத் திட்டுகளே அடையாளம். இரண்டு அளந்த புள்ளிகளுக்கு நடுவே அவை போகும் நேரத்தைக் கணக்கிட்டால் மேல்வேகம் கிடைக்கும், அதை 0.85-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சராசரி வேகம். மலையில் தெளிந்து ஓடும் அதே தண்ணீர் ஊருக்குள் நுரைத்து வருவதைப் பார்க்க எனக்கு மனது ஆறவில்லை.

கேள்வி (காப்பித் தோட்டக்காரர், நாகலூர்): எங்கள் தோட்டத்தில் ஓடை வளைகிற இடத்தில் வெளிக்கரை அரித்துச் செடிகள் சரிந்தன. வழவழவென்று கான்கிரீட் சுவர் கட்டினோம். இரண்டு மழைக்காலத்தில் சுவரின் அடியில் ஆள் இறங்கும் குழி. சுவர் கட்டியது தப்பா?

பதில்: இதற்குச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் டீத்தூள் போட்டு ஸ்பூனால் சுற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். தூள் ஓரத்துக்குப் போகும் என்றுதான் நினைப்போம். அது அடியில் நடுவே வந்து குவியும். ஏனென்றால் மேல்தண்ணீர் வேகமாகச் சுற்றி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, ஓரத்தில் கீழே இறங்குகிறது, அடியில் உரசலால் வேகம் குறைந்த தண்ணீர் நடுவை நோக்கி வருகிறது. ஆறு ஏன் வளைந்து வளைந்து போகிறது என்பதற்கு இந்த டீத்தூளை வைத்தே 1926-ல் கட்டுரை எழுதினார் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவருடைய மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் பிற்பாடு பெர்க்லியில் பேராசிரியராக இருந்து, ஆற்றுப்படுகையில் மணலும் கல்லும் நகர்வதைப் படிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

உங்கள் வளைவிலும் அதேதான். வேகமான மேல்தண்ணீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்குகிறது. முன்பு அங்கே வேரும் கல்லும் அதன் பலத்தைக் கொஞ்சம் தின்றன. வழவழப்பான சுவருக்குத் தின்னத் தெரியாது. அத்தனையையும் அப்படியே அடிப்பாகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே படுகை இழுப்பு கூடிக் குழி விழுகிறது.

சுவரை இடிக்க வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்றியதும் குழியில் உங்கள் தோட்டத்துக் கருங்கற்களை, ஒருவர் தனியாகத் தூக்க முடியாத அளவுள்ளவற்றை, கோணல்மாணலாகவே அடுக்குங்கள். அடுக்கு இப்போதைய குழியின் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், பாதியில் நிறுத்தினால் அடுத்த மழையில் அதன் அடியும் பறிக்கும். சுவர் முடிகிற இரண்டு முனைகளையும் கரைக்குள் நன்றாகத் திருப்பிவிடுங்கள். மேலே வெட்டிவேர் வையுங்கள். நாவல் மரம் இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். அதன் வேருக்கு இணையான சுவரை நான் கட்டிப் பார்த்ததில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஏற்காடு): ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப் போனோம். கல்லைப் புரட்டினால் மூன்று வால் உள்ள தட்டைப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு வேகத்தில் எப்படி நிற்கின்றன? கருவி எதுவும் இல்லாமல் பிள்ளைகளால் இந்த இழுப்பை அளக்க முடியுமா?

பதில்: டீச்சர், இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவை பெரும்பாலும் மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம். கல்லை ஒட்டிய தண்ணீர் எப்போதும் மந்தம், அந்த மந்தப் படலத்துக்குள் உடம்பைத் தாழ்த்திக்கொள்கின்றன. தட்டை உடம்பு மட்டும் காப்பாற்றுவதில்லை, தட்டையானதைத் தண்ணீர் மேலே தூக்கவும் பார்க்கும். அதனால் நகங்களால் பற்றிக்கொண்டு, பகலில் கல்லின் அடிப்பக்கத்திலும் இடுக்கிலும் ஒதுங்கியே காலம் கழிக்கும். பிள்ளைகள் பார்த்த பிறகு கல்லை எடுத்த இடத்தில், அடிப்பக்கம் மறுபடி கீழே இருக்கும்படி வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தப் பூச்சிகளுக்காகவே படுகை இழுப்பை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் உண்டு. 1989-ல் ஸ்டாட்ஸ்னர், முல்லர் இருவரும் வெளியிட்டது. ஒரே அளவு, ஒரே வடிவம், ஆனால் எடை வேறு வேறான 24 அரைக்கோளங்கள். படுகையில் மட்டமாக ஒரு சின்னப் பலகையை வைத்து, அதன் மேல் ஒவ்வொன்றாக வைப்பார்கள். தண்ணீர் தள்ளிவிடும் அரைக்கோளங்களில் எது அதிகக் கனமோ அதுதான் அந்த இடத்தின் இழுப்புக்கு அளவு. நம் பிள்ளைகள் தேங்காய்த் தொட்டியைப் பாதியளவில் ஒரே மாதிரி அறுத்து, உள்ளே மணல், சிமெண்டுக் கலவை, இரும்புத் துண்டு என்று வேறு வேறு எடை நிரப்பிச் செய்து பார்க்கலாம். பாஸ்கலில் விடை வராது. ஆனால் எந்தக் கல்லின் பக்கத்தில் இழுப்பு அதிகம், அங்கே எந்தப் பூச்சி இருக்கிறது என்று ஒரு படம் வரையலாம். அது உண்மையான ஆராய்ச்சிதான்.

இன்னொன்று, வர்ணக் கல். ஓடையிலிருந்தே எலுமிச்சை அளவு, மாங்காய் அளவு, தேங்காய் அளவு என்று மூன்று ரகத்தில் இருபது இருபது கல் பொறுக்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, எண் எழுதி, குறுக்கே ஒரே கோட்டில் எடுத்த இடத்திலேயே பதித்துவிடுங்கள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு எந்த எண் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று டேப் வைத்து அளக்கட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் ஓடையின் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கரைச் செடிகளில் ஒட்டிய சருகு தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று சொல்லிவிடும். ஆழமும் சரிவும் கிடைத்துவிட்டால் முதல் பதிலில் உள்ள கணக்கைப் பிள்ளைகளே போடலாம்.

ஒரே ஒரு கண்டிப்பு. மழை நேரத்தில் ஓடைக்குள் யாரும் இருக்கக் கூடாது. நமக்கு மேலே வெயில் அடித்தாலும் உச்சியில் இடி இடித்தால் கரையேற வேண்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகு கூட்டமாக வந்தாலோ, பையையும் டேப்பையும் விட்டுவிட்டு ஏறுங்கள். ஒரு சித்திரை மாதம் எங்கள் மாணவி ஒருத்தி "மேடம், தண்ணி செவக்குது" என்றாள். எல்லோரும் ஏறி நின்று எண்ணி முடிப்பதற்குள் நாங்கள் நின்ற பாறை மூழ்கிவிட்டது.

பெயிண்டை எனாமலாகவே வாங்குங்கள், கல்லை இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகு அடியுங்கள், அடித்த பிறகு இன்னும் இரண்டு நாள் காயட்டும். ஈரக்கல்லில் அடித்தால் முதல் மழையிலேயே உரிந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் பதித்துவிட்டால் ஐப்பசி மழைக்குக் கற்கள் தயாராக இருக்கும்.